நின்றுபோன உறுப்பினர் மடலை மீண்டும் தொடங்குதல்: சகோதர சங்கங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் உடன்பிறந்தாராகக் கருதி, நோயிலும் இழப்பிலும் முதுமையிலும் துணை நிற்பதாக உறுதி எடுத்துக்கொண்டு நடத்தும் அமைப்புகளையே இங்கே சகோதர சங்கம் என்று குறிப்பிடுகிறோம். இத்தகைய சங்கங்கள் பலவற்றில் ஒரு காலத்தில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த உறுப்பினர் மடல் இன்று நின்றுபோயிருக்கிறது. அதை மறுபடியும் கொண்டுவர விரும்பும் செயலாளர்களும் செயற்குழு உறுப்பினர்களும் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் விடை தந்திருக்கிறோம்.

வாட்ஸ்அப் குழுவில் எல்லாச் செய்தியும் உடனுக்குடன் வந்துவிடுகிறதே, பிறகு மடல் எதற்கு?

கூட்டத்துக்கு வருகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதன் தொடர்ச்சியாகவே வாட்ஸ்அப் குழு பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. அவர்களுக்குச் சங்கத்தில் நடப்பது எப்படியும் தெரிந்துவிடும். மடல் தேவைப்படுவது வராதவர்களுக்குத்தான்: படுக்கையை விட்டு எழ முடியாத மூத்த உறுப்பினர், வேலை நிமித்தம் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தவர், கணவர் மறைந்தபின் சங்கத்தோடு தொடர்பு அறுந்துபோன அம்மையார், சந்தாவைத் தவறாமல் அனுப்பினாலும் ஆண்டுக்கணக்கில் தலைகாட்டாத இளைஞர். இவர்களை மனத்தில் வைத்தே மடலின் பக்க அளவு முதல் எழுத்தின் அளவு வரை எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கீழே வரும் விடைகள் பெரும்பாலும் இந்த ஒரு கருத்திலிருந்து பிறந்தவையே.

சகோதர சங்கங்களுக்கும் அச்சுக்கும் உள்ள உறவு பழையது. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்குக் குடியேறிய தாமஸ் வைல்டி, தம்மைப் போலத் தாய்நாட்டில் ஆட் ஃபெல்லோஸ் என்ற சகோதர சங்கத்தில் இருந்தவர்கள் யாரேனும் அங்கே உண்டா என்று அறிய நாளிதழில் விளம்பரம் கொடுத்தார்; அதைப் பார்த்து வந்தவர்களோடு ஐந்து பேராக, 1819 ஏப்ரல் 26 அன்று, ஒரு கிளையைத் தொடங்கினார். 1868இல் ஜான் ஜார்டன் அப்சர்ச் பென்சில்வேனியாவின் மீட்வில் நகரில் தொடங்கிய ஏன்ஷியன்ட் ஆர்டர் ஆஃப் யுனைடெட் வொர்க்மென் சங்கத்தில், ஓர் உறுப்பினர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் செலுத்தி அவருடைய குடும்பத்தைத் தாங்கும் ஏற்பாடு இருந்தது. இந்த முறையைப் பின்பற்றிய சங்கங்களில், யார் இறந்தார், எவ்வளவு செலுத்த வேண்டும், எந்தத் தேதிக்குள் செலுத்த வேண்டும் என்ற அறிவிப்பு ஒவ்வோர் உறுப்பினரையும் எட்டியே தீர வேண்டும். பல சங்கங்கள் அந்த அறிவிப்பைத் தங்கள் இதழ் வழியாகவே அனுப்பின. விதவைக்குப் பணம் போய்ச் சேர்வது இதழ் போய்ச் சேர்வதைப் பொறுத்திருந்த காலம் அது. இன்று பணம் வேறு வழிகளில் போகிறது என்றாலும், இன்னாருக்கு இன்னது நேர்ந்தது, அவருக்கு நாம் துணை நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கும் கடமை அப்படியே இருக்கிறது.

பழைய மடல் ஏன் நின்றது என்று ஆராய வேண்டுமா?

ஆம், ஆனால் குற்றம் சாட்டுவதற்காக அல்ல. பெரும்பாலான மடல்கள் ஒரே ஒருவரின் தோளில் நின்றவை. செய்தி திரட்டுவது, தட்டச்சு செய்வது, அச்சகத்துக்கு அலைவது, முகவரி ஒட்டுவது எல்லாவற்றையும் அவரே செய்திருப்பார். அவருக்கு உடல்நலம் குன்றியதும் மடலும் படுத்துவிட்டிருக்கும். அவர் உயிரோடு இருந்தால் முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். முகவரிப் பட்டியல், பழைய இதழ்களின் கட்டு, யார் எழுதுவார், யார் எழுதுவதாகச் சொல்லிவிட்டு எழுதமாட்டார் என்ற அறிவு ஆகிய எல்லாம் அவரிடம்தான் இருக்கும். புதிய முதல் இதழில் அவருக்கு நன்றி சொல்லும் ஒரு பத்தி இடம்பெறுவது முறை. அவரைக் கேளாமல் மடலைத் தொடங்குவது, அவர் உழைத்த ஆண்டுகளை இல்லையென்று ஆக்குவதற்குச் சமம்.

பழைய பெயரையும் இதழ் எண்ணையும் தொடரலாமா?

தொடரலாம், தொடர்வதே நல்லது. இடையில் எத்தனை ஆண்டுகள் விடுபட்டிருந்தாலும், கடைசி இதழின் எண்ணுக்கு அடுத்த எண்ணை இட்டு, இடைவெளியை முதல் பக்கத்தில் ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுங்கள். தொடர் இதழ்களை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் என்ற எட்டு இலக்க எண்ணைப் பழைய மடல் பெற்றிருந்தால், பெயரை மாற்றினால் புதிய எண் கோர வேண்டியிருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

யாரிடம் பொறுப்பை ஒப்படைப்பது?

மூன்று பேர் போதும், ஆனால் மூவரும் வேண்டும். ஒருவர் செய்தி திரட்டி எழுதி வாங்குபவர். ஒருவர் மெய்ப்புப் பார்த்துப் பக்கம் அமைப்பவர். ஒருவர் முகவரிப் பட்டியலையும் அனுப்புதலையும் கவனிப்பவர். ஒவ்வொருவரும் மற்றொருவரின் வேலையை ஓர் இதழுக்காவது செய்து பார்த்திருந்தால், ஒருவர் விலகினாலும் மடல் நிற்காது. இவர்களை நியமித்ததும், மடலுக்கான தொகையை ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாகச் சேர்த்ததும், வெளியிடும் மாதங்களும் செயற்குழுத் தீர்மானமாகப் பதிவாக வேண்டும். வாய்மொழியாகத் தொடங்கிய மடல் அடுத்த நிர்வாகம் வந்ததும் நின்றுவிடுகிறது.

தலைவரோ செயலாளரோ ஆசிரியராக இருக்கலாமா என்றும் கேட்கிறார்கள். இல்லாமலிருப்பதே நல்லது என்போம். அவர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பதோடு, பதவியில் இருப்பவரே ஆசிரியரும் ஆகும்போது மடல் அவருடைய அறிக்கையாகச் சுருங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. வெளியிடும் முன் செயலாளர் ஒருமுறை படித்து, தேதிகளும் தீர்மானங்களும் சரிதானா என்று பார்த்தால் போதும்.

எத்தனை பக்கம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?

நான்கு பக்கம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஏ3 தாள் ஒன்றின் இருபுறமும் அச்சிட்டு ஒருமுறை மடித்தால் ஏ4 அளவில் நான்கு பக்கங்கள் கிடைக்கும். தைக்கவோ பின் அடிக்கவோ தேவையில்லை. பிற்பாடு பக்கங்களைக் கூட்ட நேர்ந்தால் எட்டு, பன்னிரண்டு என்று நான்கின் மடங்காகவே கூட்ட முடியும். உற்சாகத்தில் முதல் இதழை வண்ணத்தில் பதினாறு பக்கமாகக் கொண்டுவந்து, இரண்டாம் இதழுக்குச் செய்தியும் பணமும் இல்லாமல் தடுமாறும் சங்கங்கள் உண்டு. மீண்டும் தொடங்கும் மடலுக்குப் பருமனைவிடத் தவணை தவறாமையே முக்கியம்; வாசகர் எதிர்பார்க்கும் மாதத்தில் மடல் வந்து நிற்க வேண்டும். செய்தி குறைவாக இருந்தால் இரண்டு பக்கமாக அனுப்புங்கள், ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

மடலில் என்னென்ன இடம்பெற வேண்டும்?

வரவிருக்கும் கூட்டங்களின் தேதி, நேரம், இடம் ஆகியவை ஒவ்வோர் இதழிலும் ஒரே இடத்தில், தேடாமல் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். நிறைவேறிய தீர்மானங்களின் சுருக்கம், நலநிதியின் வரவும் செலவும் இருப்பும், புதிதாகச் சேர்ந்தவர்களின் அறிமுகம், மறைந்தவர்களுக்கு அஞ்சலி, உதவி தேவைப்பட்டால் யாரை அணுகுவது என்ற குறிப்பு ஆகியவை அடுத்து வருபவை. கடைசியாகச் சொன்னதை நிர்வாகிகள் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுகிறார்கள். தெரியாதவர்கள்தாம் அதிகம், தெரிந்தும் கேட்கக் கூசுகிறவர்கள் அதைவிட அதிகம். நோயாளியைப் பார்த்து வருவதும், துன்புற்றவருக்கு உதவுவதும், இறந்தவரை அடக்கம் செய்வதும், பெற்றோரை இழந்த பிள்ளையைப் படிக்க வைப்பதும் ஆட் ஃபெல்லோஸ் சங்கத்தார் வழிவழியாகத் தம் கடமைகளாகச் சொல்லிவருபவை. உங்கள் சங்கத்தின் கடமைகள் எவையோ அவற்றை யார் எப்படிப் பெறலாம் என்பதை, விதி எண்ணோடும் விண்ணப்பிக்கும் முறையோடும், எளிய சொற்களில் ஒவ்வோர் இதழிலும் அச்சிடுங்கள்.

குறைக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். தலைவர் மாலை வாங்கும் படம், தலைவர் மாலை போடும் படம், தலைவர் விளக்கேற்றும் படம் என்று மூன்று படங்கள் வந்த இடத்தில், வேறு ஊரிலிருக்கும் உறுப்பினர் தம் பழைய நண்பர்களின் முகங்களைப் பார்க்கும்படி ஒரு குழுப்படம் வரலாம். படத்தில் இருப்பவர் அனைவரின் பெயரும் இடமிருந்து வலமாகக் கீழே இருக்க வேண்டும். பெயரில்லாத குழுப்படத்தால் நாளைக்கு வரலாறு எழுதுகிறவருக்கு ஒரு பயனும் இல்லை. படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது அவற்றைச் சுருக்கிவிடும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் தெளிவு தேவை என்பதால், ஆவணமாக இணைத்தோ மின்னஞ்சலிலோ அனுப்பச் சொல்லுங்கள்.

எழுதித் தரும்படி கேட்டால் ஒருவரும் எழுதுவதில்லை. என்ன செய்வது?

"உறுப்பினர்கள் தங்கள் படைப்புகளை அனுப்பலாம்" என்ற பொது அழைப்புக்கு அநேகமாக யாரும் விடை தருவதில்லை. அது ஆர்வக்குறைவு அன்று; எழுத உட்கார்வது பலருக்கு அச்சம் தருகிறது, பொதுவாகக் கேட்ட கேள்வி தன்னைக் கேட்டதாக யாருக்கும் தோன்றுவதும் இல்லை. ஆகவே எழுதச் சொல்லாதீர்கள், பேசச் சொல்லுங்கள். மூத்த உறுப்பினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து அரைமணி நேரம் பேசி, அவருடைய அனுமதியோடு பதிவு செய்து, அவர் சொன்ன சொற்களைக் கூடியவரை மாற்றாமல் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, அச்சுக்குப் போகும் முன் அவருக்கே படித்துக் காட்டுங்கள்.

கேள்விகள் குறிப்பாக இருக்க வேண்டும். "சங்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால், நல்ல சங்கம் என்றுதான் சொல்வார். உங்களைச் சங்கத்துக்கு அழைத்துவந்தவர் யார், முதல் கூட்டத்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள், நீங்கள் பொறுப்பில் இருந்தபோது மிகவும் கடினமாக இருந்த முடிவு எது, சங்கம் உங்கள் வீட்டுக்கு வந்து நின்ற நாள் எது என்று கேட்டால், அவரே அறியாமல் ஒரு கட்டுரை உருவாகிவிடும். இளைய உறுப்பினரிடம் ஏன் சேர்ந்தீர்கள் என்பதைவிட, சேர்ந்தபின் எதிர்பாராமல் கிடைத்தது என்ன, கிடைக்கும் என்று நினைத்துக் கிடைக்காதது என்ன என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் விடை சில சமயம் நிர்வாகத்துக்குக் கசப்பாக இருக்கும். அதையும் அச்சிடும் மடலைத்தான் உறுப்பினர்கள் நம்புவார்கள்.

அஞ்சலிக் குறிப்புகளை எப்படி எழுதுவது?

சகோதர சங்க மடலில் உறுப்பினர்கள் முதலில் திருப்பிப் பார்க்கும் பகுதி இதுவே. குடும்பத்தார் ஆண்டுக்கணக்கில் எடுத்து வைத்திருப்பதும் இதுவே. எனவே மடலின் மற்ற எல்லாப் பகுதிகளையும்விட இதற்கு அதிகக் கவனம் தர வேண்டும்.

பெயரின் எழுத்து, முன்னெழுத்து, மறைந்த தேதி மூன்றையும் குடும்பத்தாரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே அச்சிட வேண்டும். சங்கப் பதிவேட்டிலிருந்து சேர்ந்த ஆண்டையும் வகித்த பொறுப்புகளையும் எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் அவரோடு பழகிய ஓர் உறுப்பினரைக் கேட்டு, அவருக்கே உரிய ஒரு செயலை எழுதுங்கள்: ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னதாக வந்து நாற்காலி போட்டவர், கணக்கில் ஒரு காசு இடித்தாலும் வீட்டுக்குப் போகாதவர், புதிதாக வந்தவரின் பெயரை மறக்காதவர். "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்ற தொடர் எல்லோருக்கும் பொருந்துவதாலேயே ஒருவருக்கும் பொருந்தாமல் போகிறது.

முன்னாள் தலைவருக்கு ஒரு பக்கமும் சாதாரண உறுப்பினருக்கு ஒரு வரியும் ஒதுக்குவது சகோதர சங்கத்துக்கு அழகன்று. எல்லோருக்கும் ஒரே அளவு இடம், ஒரே அளவு படம் என்று தீர்மானித்துவிட்டால், வருத்தத்திலிருக்கும் குடும்பங்கள் தங்களுக்குள் ஒப்பிட்டு மனம் நோகும் நிலை வராது. உறுப்பினரின் வாழ்க்கைத்துணை மறைந்தாலும் குறிப்பு வர வேண்டும். துக்க வீட்டின் முகவரி, முழுப் பிறந்ததேதி போன்றவற்றை அச்சிடக் கூடாது. அவை தவறான கைகளுக்குப் போனால் மோசடிக்கு வழிவகுக்கும்.

உதவி பெற்றவர்களின் பெயரை வெளியிடலாமா?

அவர் தாமாக விரும்பி எழுத்தில் ஒப்புதல் தந்தாலன்றி வெளியிடலாகாது. "இந்தக் காலாண்டில் மருத்துவ உதவியாக இத்தனை குடும்பங்களுக்கு இவ்வளவு தொகை வழங்கப்பட்டது" என்ற கணக்கே நிதி தந்தவர்களுக்குப் போதுமானது. உடல்நலமில்லாத உறுப்பினரைப் பற்றி எழுதும்போதும், என்ன நோய் என்பதை விட்டுவிட்டு, அவரைப் பார்க்க வரலாமா, தொலைபேசியில் பேசலாமா என்பதை மட்டும் அவரைக் கேட்டு எழுதுங்கள். சங்கத்துக்கே உரிய அகச்சடங்குகளோ அடையாளச் சொற்களோ இருந்தால், அவை எந்த வடிவிலும் மடலில் வரக் கூடாது. ஒருமுறை மின்வடிவில் அனுப்பிய மடல் யார் யாருக்கோ போய்ச் சேரும் என்று எண்ணியே ஒவ்வொரு வரியையும் எழுத வேண்டும்.

அச்சிட வேண்டுமா, மின்னஞ்சல் போதுமா?

இரண்டும் வேண்டும். யாருக்கு எது என்பதை அவரவரே தேர்ந்தெடுக்கட்டும். செலவை மிச்சப்படுத்த அச்சை அடியோடு நிறுத்தினால், மடல் யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களே முதலில் விடுபடுவார்கள். சந்தா புதுப்பிக்கும் படிவத்தில் அச்சா மின்வடிவா என்ற ஒரு கட்டத்தைச் சேர்த்து, விடை வராதவர்களுக்கு அச்சுப்படியையே அனுப்புங்கள். அஞ்சலில் திரும்பி வரும் ஒவ்வோர் உறையும் ஒரு செய்தி: அந்த உறுப்பினர் இடம் மாறியிருக்கிறார், அல்லது அவருக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. அதைக் குப்பையில் போடாமல், அவரை அறிந்தவர் மூலம் விசாரிக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) 256 பேர் வரையே சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தம் தொடர்புகளில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே அதில் அனுப்பும் செய்தி போய்ச் சேரும். அனுப்பிவிட்டோம் என்ற நிறைவு மட்டும் நமக்கு இருக்க, பலருக்கு அது போகாமலே இருந்திருக்கும்.

மின்னஞ்சலில் அனுப்பினால் ஸ்பாம் பெட்டிக்குள் போய்விடுகிறதே?

தனிநபர் ஒருவரின் மின்னஞ்சலிலிருந்து நூற்றுக்கணக்கான முகவரிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவதே இதற்கு முதன்மைக் காரணம். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்பும் எவரும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் என்ற அனுப்புநர் சரிபார்ப்பை அமைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது. மடல் அனுப்புவதற்கென்றே உள்ள சேவை ஒன்றைப் பயன்படுத்தி, சங்கத்தின் சொந்த இணையப்பெயரிலிருந்து (டொமைன்) அனுப்பினால் இவற்றை ஒருமுறை அமைத்தால் போதும். 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலை ஜிமெயில் பாதியில் வெட்டிக் காட்டும் என்பதால், மின்னஞ்சலுக்குள் சுருக்கத்தை மட்டும் வைத்து முழு இதழுக்கு இணைப்புக் கொடுங்கள். எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி ஒருபோதும் அனுப்பாதீர்கள். மடல் வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ள எளிய வழியும் அடியில் இருக்க வேண்டும்.

எழுத்துரு, வடிவமைப்பு பற்றி ஏதேனும் அறிவுரை உண்டா?

பன்னிரண்டு புள்ளிக்குக் குறையாத எழுத்து, வரிகளுக்கிடையே தாராளமான இடைவெளி, வெள்ளைத் தாளில் கறுப்பு மை: மூத்த வாசகர்களுக்கு இவைதாம் வேண்டும். படத்தின் மேல் எழுத்தை ஏற்றுவதையும் வண்ணப் பின்னணியையும் தவிருங்கள். தமிழில் சொற்கள் நீளமாதலால், குறுகிய பத்திகளில் இருபுறமும் சமன் செய்தால் சொற்களுக்கிடையே பெரிய வெற்றிடங்கள் விழும். இடப்புறம் மட்டும் ஒழுங்குபடுத்துவது கண்ணுக்கு இதமாக இருக்கும்.

எல்லாமே யூனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும் கோப்புகளை மாற்றிய பிறகு, கால் வர வேண்டிய இடத்தில் "ர"வும், "எ" வர வேண்டிய இடத்தில் ஏழைக் குறிக்கும் தமிழ் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தாளில் வேறுபாடு தெரியாது. ஆனால் பிற்காலத்தில் ஒரு பெயரைத் தேடும்போது கணினிக்கு அது அகப்படாது.

செலவுக்கு விளம்பரம் வாங்கலாமா?

வாங்கலாம், அளவோடு. நான்கு பக்க மடலில் அரைப் பக்கத்துக்கு மேல் விளம்பரம் வேண்டாம். மறைந்த உறவினர் நினைவாக ஓர் இதழின் அச்சுச் செலவை ஏற்க விரும்பும் குடும்பங்கள் இருக்கும். அதை ஏற்று, ஒரு வரியில் நன்றி தெரிவிக்கலாம். சங்கத் தேர்தல் நெருங்கும் காலத்தில் வேட்பாளர் எவரிடமிருந்தும் விளம்பரமோ நன்கொடையோ பெறக் கூடாது. வேட்பாளர்கள் எல்லோருக்கும் ஒரே அளவு இடம் கொடுத்து அறிமுகத்தை வெளியிட்டால் போதும்.

பழைய இதழ்களை என்ன செய்வது?

ஒவ்வொன்றிலும் இரண்டு படிகளைச் சங்க அலுவலகத்திலும் வேறோர் இடத்திலுமாகப் பத்திரப்படுத்துங்கள். பின்களை அகற்றிவிட வேண்டும். துரு தாளைத் தின்றுவிடும். மின்படி எடுப்பவர்கள், நீண்டகாலப் பாதுகாப்புக்காகவே வகுக்கப்பட்ட பிடிஎஃப்/ஏ வடிவில் சேமிக்கலாம். ஒரு பழைய இதழிலிருந்து ஒரு பத்தியைப் புதிய மடலில் ஒவ்வொரு முறையும் மறுபதிப்பு செய்தால், அதில் பெயர் வந்தவர்களின் பிள்ளைகள் உங்களைத் தேடி வருவார்கள்.

மடல் பயன் தருகிறதா என்று எப்படி அறிவது?

எத்தனை பேர் மின்மடலைத் திறந்தார்கள் என்று சேவைகள் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். 2021இல் ஆப்பிள் தன் மின்னஞ்சல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாட்டுக்குப் பின், வாசகர் திறக்காத மடலும் திறந்ததாகக் கணக்கில் வரக்கூடும். இரண்டு இதழ்கள் வந்தபின், பட்டியலிலிருந்து கூட்டத்துக்கு வராத பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துத் தொலைபேசியில் அழையுங்கள். மடல் வந்ததா, எதைப் படித்தீர்கள், யாரைப் பற்றி அறிய விரும்புகிறீர்கள் என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர்கள் சொல்லும் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த இதழுக்கான உரையாடல்களை அந்தப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள்.